நீர் வடியும் கண்ணுக்கு வறட்சி என்று பெயர்

"இன்னாப்பா, என்ன கண்ண தொறக்கச் சொல்லிட்டு நீ அழுவுற?"

கேட்டது அனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா. ஆதாரில் கைரேகையையும் கண்ணையும் புதுப்பிக்க வந்தவர். செஞ்சியில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மையத்தில் நான் இரண்டு வருடமாக ஆபரேட்டர். கண்ணைப் பதிவு செய்யும் கருவி பார்க்க பைனாகுலர் மாதிரி இருக்கும். அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "நல்லா தொறங்கம்மா, சிமிட்டாதீங்க, அப்படியே, அப்படியே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் கண்ணிலிருந்து வழிந்த நீர் மூக்கோரமாக இறங்கி அவருடைய விண்ணப்பத்தில் சொட்டிவிட்டது.

"அழுவலம்மா. தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா தூசி?"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது, "எதுனா இருந்தா வீட்ல சொல்லிடு, மனசுல வெச்சிக்காத" என்றார்.

வீட்டில் சொல்ல என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. மார்கழிப் பாதியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இமைக்குள் மணல் போட்டுத் தேய்த்தது போல இருக்கும். பத்து மணிக்கு மேல் எரிச்சல். மதியத்துக்கு மேல் நீர் வடியும். சாயங்காலம் திரையில் இருக்கும் எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். நான் தங்கியிருந்த மாடி ரூமின் ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டைப் பாறைகள் தெரியும். அந்த நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு பாறைக்கும் பக்கத்தில் இன்னொரு பாறை மங்கலாக நிற்கும். கண்ணைச் சிமிட்டினால் ஒரு நொடி சரியாகும், பிறகு மறுபடியும் இரண்டாகிவிடும்.

நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால் கண்ணில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். அதிகமாக இருப்பதைக் குறைக்க வேண்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். மதியம் ஒரு பாட்டில் குடிப்பவன் நாலு மடக்கோடு நிறுத்திக்கொண்டேன். ரூமுக்கு வந்ததும் டேபிள் ஃபேனைக் கட்டில் பக்கம் திருப்பி, காற்று நேராகக் கண்ணில் படும்படி படுத்துக்கொண்டேன். ஈரத் துணி காய்வது போல அதுவும் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். இன்று எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. பட்டப்படிப்பு முடித்தவன், முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கியவன், தன் கண்ணுக்கு இப்படி ஒரு வைத்தியம் பார்த்தான். யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் சந்தேகம் என்றால் என்னிடம்தான் கேட்பார்கள். என் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க எனக்கு ஆள் இல்லை.

ஃபேன் காற்றில் எரிச்சல் கூடியது. கண் சிவந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னேன். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து என்று ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்கள். விட்டதும் கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று மணி நேரம் கழித்து முன்பைவிட அதிகமாகச் சிவந்தது. மறுபடியும் விட்டேன். அப்படியே ஒன்றரை மாதம் விட்டேன்.

அதற்குள் மையத்தில் எனக்கு மெட்ராஸ் ஐ என்று பேச்சாகிவிட்டது.

மெட்ராஸ் ஐ வந்தவனைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் நம்புகிறார்கள். தொட வேண்டாம், பார்வை பட்டாலே போதும். என் வேலையோ எதிரில் இருப்பவரின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கிற வேலை. கருவியைத் தூக்கினால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மையத்தின் பொறுப்பாளர் அண்ணன் ஒரு நாள் ஒரு கறுப்புக் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. இத மாட்டிக்க. ஒருத்தர் ஓடிட்டாருன்னா பின்னாடி பத்து பேர் ஓடிடுவாங்க."

"இது மெட்ராஸ் ஐ இல்லண்ணே. ரெண்டு மாசமா இருக்குது."

"ரெண்டு மாசமாவா?" அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "அப்ப இது மெட்ராஸயும் தாண்டிடுச்சி."

அறைக்குள், ஏசிக்கு அடியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்தேன். காலேஜ் பசங்கள் யாராவது வந்தால் "ஹீரோ சார்" என்று கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். மெஸ்ஸில் நான் உட்கார்ந்தால் என் மேஜை காலியாகிவிடும். சாப்பாடு போடுகிறவர் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். சில நாள் கழித்து அவரே, "பார்சல் கட்டிடட்டுமா?" என்றார். அதிலிருந்து ரூமில்தான் சாப்பாடு. கட்டிலில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, சாம்பார்ப் பையின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் கண் நிறைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, இது எரிச்சலில் வருகிற தண்ணீரா, நான் நிஜமாகவே அழுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியாக எப்போது ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார் என்று யோசித்தேன். விண்ணப்பத்தில் நீர் சொட்டிய அந்தப் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார்.

நைனா நெல் மூட்டையோடு கமிட்டிக்கு வந்தது மாசி முடிகிற சமயம். எங்கள் ஊர் தளவானூருக்குப் பக்கத்தில். நெல்லை விற்பதற்குக் கமிட்டி என்று நாங்கள் சொல்லும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குத்தான் வர வேண்டும். மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்க்க வந்தார். மையத்துக்குள் வர மாட்டார். செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்ற சந்தேகத்திலேயே வாசலில் நின்றுவிடுவார். நான் வெளியே போனேன்.

"இன்னாடா இது, கண்ணாடி?"

கழற்றினேன். வெயில் கண்ணில் பட்டதும் நீர் பொலபொலவென்று கொட்டியது. நைனா என்னைப் பார்த்தார். சட்டென்று தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சாப்டியா?"

"சாப்டேன் நைனா."

"சரி. வண்டி நிக்குது, வரேன்."

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"நைனாவப் பாத்ததும் கொழந்த மாதிரி அழுதியாமே. அவரு வந்து சோறு கூட துன்னல. எதுவா இருந்தாலும் சொல்லு. நம்ம சாதியோ, வேற சாதியோ, மொதல்ல பேரச் சொல்லு."

"அம்மா, கண்ணு வலி. அதான் தண்ணி வருது."

"கண்ணு வலிக்கு யாரும் அப்படி அழமாட்டாங்கன்னு நைனா சொல்றாரு."

பெண்ணும் இல்லை, அழவும் இல்லை என்று அரை மணி நேரம் சொன்னேன். கடைசியில் அம்மா, "சரி, அப்ப சூடா இருக்கும். உச்சந்தலையில வெளக்கெண்ண வெய்யி. கண்ணுலயும் ரெண்டு சொட்டு வுடு" என்றாள். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

எனக்குள் இருந்த பயத்தை அவளிடம் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. நைனா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. கரண்ட் ஆபீஸ் கடிதம், சொசைட்டி நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் பையைக் கொட்டுவார்கள். வீட்டில் எழுத்தைப் படிக்கிற கண் இது இரண்டுதான். இது போய்விட்டால் என் வேலை மட்டும் போகாது. அந்தப் பையில் இருப்பதெல்லாம் வெறும் காகிதமாகிவிடும். அதை நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இருந்தேன். போனால், பார்வை போகிறது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

போக வைத்தது ஒரு மாத்திரை அட்டை. பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா பிரஷர் மாத்திரை அட்டையை நீட்டி, "இது பழசாயிடுச்சா பாரு" என்றாள். வெள்ளி அட்டையில் பொடியாக அச்சடித்த தேதி. சாயங்கால வெளிச்சம். கண்ணுக்குள் நீர். எழுத்து அசைந்தது. "தெரியலம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "நல்லாதான் இருக்குது, போடு" என்றேன்.

செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த அட்டையே நினைவில் நின்றது. போன் செய்தேன்.

"அம்மா, அந்த மாத்திரையப் போடாத."

"ஏன்டா? இப்பதான் நல்லா இருக்குதுன்ன?"

"போடாதம்மா. எனக்கு அது தெரியல. நான் பாக்காமலே சொன்னேன்."

 அம்மாவுக்குப் பக்கத்தில் நைனாவின் குரல், "இன்னாவாம்?" என்று கேட்டது. அம்மா என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. மறுநாள் காலையில் லீவு சொல்லிவிட்டுப் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜன்னல் சீட். திண்டிவனம் தாண்டுவதற்குள் காற்றடித்து இரண்டு கண்ணும் மிளகாய் பட்டது போல ஆகிவிட்டது. அது ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி. பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் வரல."

"மருந்து விட்டா பார்வ கொஞ்ச நேரம் மங்கும். யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

எதிரே வரிசையில் எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஒரு தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மருமகள், ஒரு குழந்தையோடு மொத்தக் குடும்பம். நான் என் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும். கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையை மாட்டித் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் வைத்தார்கள். பிறகு மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே டாக்டர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலோடு நிறுத்திவிட்டார். இமை விளிம்பை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார்.

"உங்களுக்குக் கண் வறட்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னமெல்லாம் ஈரம். "மேடம், தண்ணி கொட்டுதே?"

"அதனாலதான் கொட்டுது. கண்ணீர்னா வெறும் தண்ணி கிடையாது. அடியில கண்ணோட ஒட்டிக்கிற மாதிரி ஒரு வழவழப்பு. நடுவுல தண்ணி. மேல மெல்லிசா எண்ணெய். இமை ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன சுரப்பி இருக்கு, அதுல இருந்து வர்ற எண்ணெய். குழம்பு மேல எண்ணெய் மிதக்குதுல்ல, அது மாதிரி மூடி வெச்சிருக்கும். உங்களுக்கு அந்தச் சுரப்பி அடைச்சிக்கிட்டு இருக்கு. மூடி இல்லாத தண்ணி நாலு செகண்டுல காஞ்சிடுது. கண்ணு எரியுது. எரிஞ்ச உடனே கண்ணு பயந்து போயி மொத்தமா தண்ணிய கொட்டுது. அந்தத் தண்ணியில எண்ணெய் இல்ல. நிக்காது, வழிஞ்சி போயிடும்."

வெயில் காலத்தில் எங்கள் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், திடீரென்று ஒரு மழை அடிக்கும். செம்மண் இறுகிப்போயிருக்கும். தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடும், ஒரு விரல்கடை தோண்டினால் உள்ளே புழுதிதான் இருக்கும். டாக்டர் சொன்னது எனக்கு அப்படித்தான் புரிந்தது. ஓடுகிற தண்ணீரைக் காய வைக்கத்தான் நான் இரண்டு மாதம் ஃபேன் போட்டிருக்கிறேன்.

ஃபேனைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் குடிக்காமல் இருந்ததைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மெடிக்கல் ஷாப் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். "இத இனிமே தொடாதீங்க. இது ரத்தக் குழாயச் சுருக்கும், அவ்வளவுதான். நிறுத்தினதும் இன்னும் சிவக்கும். விளக்கெண்ணெய் எதுவும் விட்டீங்களா?"

"இல்ல மேடம். அம்மா சொன்னாங்க, விடல."

"நல்ல வேள. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் என் பேச்சைக் கவனிக்காமல் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"கண்ணுப் பதிவு எடுக்கும்போது அவங்ககிட்ட என்ன சொல்வீங்க? அப்படியே சொல்லிக் காட்டுங்க."

"நல்லா தொறங்க... சிமிட்டாதீங்க... அப்படியே... அப்படியே..."

"இப்ப உங்க கண்ணு எப்படி இருக்கு?"

விழித்துக்கொண்டு நின்றது. நான் மற்றவருக்குச் சொல்வதை என் கண்ணும் சேர்ந்து செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது பேர், ஏசிக்கு அடியில், இரண்டு வருடம்.

"உள்ள வந்ததுல இருந்து நீங்க ஒழுங்கா சிமிட்டவே இல்ல தம்பி. சிமிட்டினாலும் பாதி இமைதான் இறங்குது. முழுசா மூடித் தொறந்தாதான் அந்த எண்ணெய் வெளிய வரும். ஊருக்கெல்லாம் சொன்னத உங்க கண்ணு கேட்டுக்கிச்சு." அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மையத்துக்கு வெளியே ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அதனாலேயோ என்னவோ, கேட்கப் பயந்ததைக் கேட்டுவிட்டேன்.

"பார்வ போயிடுமா மேடம்?"

"போகாது. கவனிக்காம விட்டா கருவிழியில கீறல் விழும், புண்ணாகும். உங்களுக்கு அந்த அளவுக்குப் போகல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மாத்திரை சாப்பிட்டா ஓடிப்போற வியாதியும் இல்ல இது. கூடவே இருக்கும். நீங்க தினமும் பாத்துக்கணும்."

ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் பத்து நிமிடம், காலையும் மாலையும். மணிக்கட்டின் உள்பக்கம் தாங்குகிற சூடு போதும். துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவிவிட்டு, விளிம்பைத் துடைக்க வேண்டும். கண்ணீருக்குப் பதிலாக விடுகிற சொட்டு மருந்து, நாளைக்கு நாலு முறை. காற்று முகத்தில் படக் கூடாது. கம்ப்யூட்டர் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தூரமாகப் பார்த்து, பத்து தடவை முழுசாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். போகாது என்ற வார்த்தையை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதுவரை பயத்தைச் சொல்லவே இல்லை. என் பயம் தெரியாதவர்களிடம் பயம் தீர்ந்தது என்று எப்படிச் சொல்வது? போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

மையத்தில் அண்ணனிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். "அப்ப ஒட்டாதுன்ற?" என்று கேட்டார். "ஒட்டாதுண்ணே." ஏசிக் காற்று நேராக விழாத மூலைக்கு என் மேஜையை அவரே ஒரு பக்கம் பிடித்து நகர்த்தினார். மெஸ்காரரிடம் சீட்டைக் காட்டத் தோன்றவில்லை. பார்சல் அப்படியே தொடர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய், தண்ணீர், சிமிட்டல், காலை ஆறு மணித் துணி ஒத்தடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அப்ப கமிட்டி அன்னிக்கு நீ அழுவல."

"இல்ல நைனா."

"கண்ணு போயிடும்னு பயந்தியா?"

இதை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டினேன்.

"எம்மா நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா ஒருத்தனாவே பயந்துங்கெடந்தியா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "படிச்சவன்னு, நீ எப்படிக் கீறன்னு உன்னாண்ட கேக்காம வுட்டது எங்க தப்பு." அம்மாவைக் கூப்பிட்டு, "அந்த மாத்திரைய எடுத்தா" என்றார். நல்ல வெளிச்சத்தில், சொட்டு மருந்து விட்டு, பத்து தடவை இமையை மூடித் திறந்து பார்த்தேன். தேதி முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. சொன்னேன். அம்மா அட்டையைக் குப்பையில் போட்டாள்.

எரிச்சல் ஒரே நாளில் போகவில்லை. மூன்று வாரத்தில் சிவப்பு வடிந்தது. ஆறு வாரம் கழித்துப் புதுச்சேரிக்குப் போனபோது டாக்டர் ஒன்பதுவரை எண்ணினார். சில சாயங்காலங்களில் இப்போதும் எழுத்து மங்கும். மங்கினால், மங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கஷ்டமாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். காலை ஆறு மணி. எலக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் வைத்து, துணியை நனைத்து, கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூட வேண்டும். போன் பார்க்க முடியாது. படிக்க முடியாது. ரூமில் தனியாக இருக்கும்போது கண் ஏதாவது ஒன்றை மேய்ந்துகொண்டே இருக்கும், தனியாக இருப்பது தெரியாது. கண்ணை மூடியதும் தெரிந்துவிடும். கீழ்வீட்டில் குக்கர் சத்தம் கேட்கும், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இமைமேல் துணி ஆறிக்கொண்டே வரும். முதல் வாரம் நான் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் துணியை வைத்துக்கொண்டு கிடக்கும்போது போன் அடித்தது. தடவி எடுத்தேன். நைனா. அவராக எனக்குப் போன் செய்ததே இல்லை, அம்மாதான் போட்டுக் கொடுப்பாள்.

"வெச்சிருக்கியா துணிய?"

"வெச்சிருக்கேன் நைனா."

"ம்."  மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கொல்லையில் இருந்தார். "வேர்க்கடலைக்கு தண்ணி வுட்டுனுக்கீறேன். மேல்பாத்தி நெறையல இன்னும்."

"சரி நைனா."

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். துணி ஆறிடுச்சி."

"ஆறிடுச்சின்னா திரும்ப நனைச்சி வெய்யி. நான் லைன்லதான் கீறேன்."

போனைத் தலையணையில் வைத்துவிட்டு எழுந்து துணியை நனைத்தேன். திரும்பி வந்து படுத்தபோது அவர் யாரிடமோ மடையை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் கட் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.